தலைவர் நாற்காலியும் மாதச் சம்பளமும்

பொறியாளர் சங்கங்களின் தேர்தல் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தால் முதலில் சலிப்புதான் வரும். போஸ்டர் கிடையாது, மேடை கிடையாது, யாரும் யாரையும் திட்டுவதில்லை. வேட்பாளர் தேர்வுக் குழு என்று ஒன்று கூடும். ஒரு பெயரைச் சொல்லும். உறுப்பினர்களுக்கு வாக்குச்சீட்டு போகும். அதில் தலைவர் பதவிக்கு நேராக அந்த ஒரே பெயர் இருக்கும். வாக்கு எண்ணுவார்கள், அவரே ஜெயிப்பார். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ-யில் பெரும்பாலான தலைவர்கள் இப்படித்தான் வந்தார்கள். இதுக்கு எதுக்குத் தேர்தல் என்று நீங்கள் கேட்டால் தப்பில்லை.

ஆனால் அந்த ஒற்றைப் பெயர் சீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்க ஆரம்பித்தால் கதை வேறு மாதிரி போகிறது. பொறியாளர் என்பவர் பெரும்பாலும் எங்கேயோ சம்பளம் வாங்குகிறவர். சங்கத்தில் அவர் தனிமனிதராக நிற்கிறார்; திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்குப் போகிறார். சங்கப் பதவியில் உட்காரும்போது அவர் யாருடைய ஆள்? நூறு வருடத்துக்கு மேலாக அமெரிக்கச் சங்கங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. கடைசியில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் ஒரு பதில் கிடைத்தது.

ஏ.எஸ்.எம்.இ 1880-இல் பிறந்தது. நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நகரில், ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் அமைப்புக் கூட்டம் நடந்தது. முதல் தலைவர் ராபர்ட் தர்ஸ்டன் அங்கே பேராசிரியர். அவரோடு முன்வரிசையில் இருந்தவர்கள் பட்டறை முதலாளிகளும் பெரிய ஆலைகளின் நிபுணர்களும். பம்ப் செய்யும் ஹென்றி வர்திங்டன், எஃகு ஆலைகளை வடிவமைத்த அலெக்சாண்டர் ஹோலி போன்றவர்கள். 1889-இல் தலைவரான ஹென்றி டவுன் பூட்டுக் கம்பெனி முதலாளி. இந்த ஆட்களுக்கு மேலே சொன்ன சிக்கல் வராது. முதலாளியும் அவர்தான், பொறியாளரும் அவர்தான்.

மின் பொறியாளர்கள் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். 1884-இல் அவர்கள் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவராக உட்கார்த்தியது நார்வின் கிரீன் என்பவரை. மருத்துவம் படித்தவர். வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியின் தலைவர். எடிசனும் பெல்லும் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில் மின் பொறியாளர்களின் முதல் தலைவர் ஒரு டாக்டர்! அபத்தமாகத் தெரியலாம். அன்றைக்கு மின்சாரத் தொழில் என்றால் தந்திதான், தந்தி என்றால் வெஸ்டர்ன் யூனியன்தான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் சரியான தேர்வு.

பிறகு காலம் மாறியது. 1880-இல் அமெரிக்காவில் சுமார் 7,000 பொறியாளர்கள் இருந்தார்கள். 1920-இல் சுமார் 1,36,000. இவர்களில் மிகப் பெரும்பாலோர் முதலாளிகள் இல்லை. ரயில்வேயில், மின் கம்பெனியில், எஃகு ஆலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். சங்கத்தின் அடித்தட்டு மாறிவிட்டது, மேல்தட்டு அப்படியே இருந்தது. நியூயார்க்கில் 39-ஆம் தெருவில் பொறியாளர் சங்கங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய கட்டடம் 1907-இல் திறக்கப்பட்டது. எஃகு அரசர் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த 15 லட்சம் டாலர் நன்கொடையில் எழும்பியது அது. யார் வீட்டில் குடியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

இந்தச் சூழலில்தான் 1906-இல் ஃபிரெடரிக் டெய்லர் ஏ.எஸ்.எம்.இ-யின் தலைவரானார். மேலாண்மை படித்தவர்களுக்கு இவரைத் தெரியும், கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு தொழிலாளியின் பக்கத்தில் நின்றவர். தலைவரானதும் அவர் பார்த்த முதல் ஆலை சங்க அலுவலகம்தான். செயலாளர் ஃபிரெடரிக் ஹட்டன் 1883-லிருந்து அந்த நாற்காலியில் இருந்தார். டெய்லர் அலுவலக நடைமுறைகளைக் கலைத்துப் போட்டார். ஹட்டன் போய், கால்வின் ரைஸ் செயலாளராக வந்தார். ஆனால் அடுத்த ஆண்டு, 1907-இல், தலைவர் யார் தெரியுமா? அதே ஹட்டன். சங்கத்து ஆட்கள் ஒருவரை வெளியே அனுப்புவதற்கும் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள்.

டெய்லருக்கே அந்த மரியாதை கிடைக்கவில்லை. அறிவியல்பூர்வ மேலாண்மை பற்றித் தான் எழுதியதை 1910-இல் சங்கத்திடம் கொடுத்தார், சங்க இதழில் வரட்டும் என்று. முன்னாள் தலைவர் எழுதியது. ஆனாலும் குழு அதை வைத்துக்கொண்டே இருந்தது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் டெய்லர் அதைத் திரும்ப வாங்கி, தன் செலவில் அச்சடித்து, உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்பி வைத்தார். 1911-இல் அது புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் பரவியது. தலைவர் பதவியால் சங்கத்துக்குள் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ரொம்பக் கொஞ்சம்தான்.

டெய்லரின் சீடர்களில் ஒருவர் மாரிஸ் லெவெலின் குக். லீஹை பல்கலைக்கழகத்தில் 1895-இல் பட்டம் பெற்ற இயந்திரப் பொறியாளர். பிலடெல்ஃபியாவில் சீர்திருத்த மேயர் ஒருவர் ஜெயித்து வந்தபோது, டெய்லரின் சிபாரிசில், நகரப் பொதுப்பணித் துறைக்கு இயக்குநரானார். குப்பை அள்ளுவதில் தொடங்கி தெருவிளக்கு வரை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். தெருவிளக்கில் வந்து இடறினார். மின் கம்பெனி நகரத்திடம் வாங்கும் கட்டணம் நியாயம்தானா? இதை வழக்காகக் கொண்டுபோக அவருக்கு ஒரு நிபுணர் தேவைப்பட்டார், நகரத்தின் பக்கம் நின்று சாட்சி சொல்ல. தேடினார். பெரிய பெயர் எடுத்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மின் கம்பெனிக்கோ எரிவாயுக் கம்பெனிக்கோ ஆலோசகர்களாக இருந்தார்கள்.

குக் இதை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. பொது மேடைகளில் பெயர் சொல்லியே பேசினார். 1915-இல் ‘அறுபடும் கயிறுகள்’ என்று பொருள்படும் ஒரு சிறுவெளியீட்டையும் போட்டார். அதில் அவர் குறிவைத்தவர்கள்: ஸ்டீவன்ஸ் கல்லூரித் தலைவர் அலெக்சாண்டர் ஹம்ஃப்ரீஸ், எம்.ஐ.டி. பேராசிரியர் டூகால்ட் ஜாக்சன், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டிமர் கூலி, ஹார்வர்டின் ஜார்ஜ் ஸ்வெய்ன். கல்லூரியில் நடுநிலை அறிஞர்கள், கமிஷன் முன்னால் கம்பெனியின் சாட்சிகள். இதுதான் குக்கின் குற்றச்சாட்டு.

இந்த நாலு பேரின் வேறொரு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாக்சன் 1910-11-இல் மின் பொறியாளர் சங்கத் தலைவர். ஹம்ஃப்ரீஸ் 1912-இல் ஏ.எஸ்.எம்.இ தலைவர். ஸ்வெய்ன் 1913-இல் கட்டடப் பொறியாளர் சங்கத் தலைவர். கூலி மட்டும்தான் பாக்கி. குக்கின் சிறுவெளியீடு வந்து நாலு வருடம் கழித்து, 1919-இல், அவரும் ஏ.எஸ்.எம்.இ தலைவரானார். இதில் சதி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சதிக்கு அவசியமே இல்லை. பெரிய கம்பெனிகள் பெரிய நிபுணரைத்தான் கூப்பிடும், சங்கமும் பெரிய நிபுணரைத்தான் தலைவராக்கும். இரண்டு பட்டியலும் தானாகவே ஒன்றாகிவிடும்.

குக் அப்போது ஏ.எஸ்.எம்.இ-யின் ஆட்சிக்குழுவிலேயே இருந்தார் என்பதுதான் விஷயத்தை இன்னும் சிக்கலாக்கியது. வெளியே இருந்து கல் எறிகிறவனைப் புறக்கணிக்கலாம். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது? சக பொறியாளரைப் பொதுவெளியில் பெயர் சொல்லி விமர்சிப்பது தொழில் நாகரிகம் இல்லை என்றார்கள். பொதுமக்களுக்கு எதிராகப் பொறியாளர் வேலை செய்வது நாகரிகமா என்றார் குக். மின் பொறியாளர்கள் 1912-இல் ஒரு நெறிமுறைத் தொகுப்பு வெளியிட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் அல்லது முதலாளியின் நலனைக் காப்பதே பொறியாளரின் முதல் கடமை என்றது அது. குக் அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொன்னார். பொதுமக்கள் முதலில், முதலாளி பிறகு.

குக்கை நாயகனாக்கிவிட அவசரப்பட வேண்டாம். தொழிலாளிகள் வெறுத்த ஒரு மேலாண்மை முறையின் பிரசாரகர் அவர். நகரத்து வேலைகளில் அவர் காட்டிய கண்டிப்பு பலரை நோகடித்தது. இருந்தாலும் மனிதர் மாறிக்கொண்டே போனார். 1940-இல் ஒரு தொழிற்சங்கத் தலைவரோடு சேர்ந்து புத்தகம் எழுதும் அளவுக்கு. ஏ.எஸ்.எம்.இ-யின் தலைவராக அவர் ஒருநாளும் ஆகவில்லை. 1935-இல் ரூஸ்வெல்ட் கூப்பிட்டு கிராமப்புற மின்மயமாக்கல் நிர்வாகத்துக்கு முதல் தலைவராக்கினார். அன்றைக்கு அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இல்லை. லாபம் வராது என்று மின் கம்பெனிகள் கம்பி இழுக்காத இடங்கள் அவை. சங்கத்தில் கிடைக்காத நாற்காலிக்கு இது பரவாயில்லாத மாற்று.

சங்கத்துக்குள்ளேயே ஓட்டு வாங்கி இதை மாற்ற முடியாதா என்று முயற்சி செய்தவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் மின் பொறியாளர்கள். பழைய மின் பொறியாளர் சங்கமும் ரேடியோ பொறியாளர் சங்கமும் 1963-இல் இணைந்து ஐ-ட்ரிபிள்-ஈ ஆனது. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்டூடன்ட் பிராஞ்ச் செயலாளர் பதவிக்கு நடந்த அரசியலும் ஞாபகம் இருக்கும். 1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் விண்வெளி, ராணுவத் திட்டங்களில் பெரும் ஆட்குறைப்பு நடந்தது. நிலவுக்கு ஆள் அனுப்பிய பொறியாளர்கள் வேலை தேடி அலைந்தார்கள். ஐ-ட்ரிபிள்-ஈ அப்போதும் ஆய்வுக்கட்டுரை அச்சடித்துக்கொண்டிருந்தது. வேலை, ஓய்வூதியம் என்றெல்லாம் பேச சங்க விதியிலேயே இடமில்லை. உறுப்பினர்கள் 1972-இல் வாக்களித்து விதியை மாற்றினார்கள்.

அந்தக் கோபத்தில் முளைத்தவர் இர்வின் ஃபியர்ஸ்ட். நியூயார்க் பக்கத்து ஆலோசகப் பொறியாளர். ஐ-ட்ரிபிள்-ஈ-யின் விதியில் ஒரு சின்னக் கதவு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆட்சிக்குழு முன்மொழியாத ஒருவர்கூட, போதுமான உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினால் வாக்குச்சீட்டில் இடம் பெறலாம். ஃபியர்ஸ்ட் அந்தக் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டினார். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் மேலாளர்களும் பேராசிரியர்களும், வேலை பார்க்கிற பொறியாளருக்காக அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஒரே பாட்டு. ஒருமுறையும் ஜெயிக்கவில்லை. ஒற்றைப் பெயர் பழக்கத்தில் ஊறிய ஒரு சங்கத்தில் வேட்பாளர்கள் வாக்குக் கேட்க வேண்டிய நிலைமையை உண்டாக்கியதே அவருடைய சாதனை என்பேன். அதே கையெழுத்துக் கதவு வழியாக வந்து ரே லியூ என்ற பேராசிரியர் 2020-இல் ஜெயித்தார். அவர் தோற்கடித்த ஆட்சிக்குழு வேட்பாளர்கள் இருவரில் ஒருவர் எஸ்.கே. ராமேஷ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஈ. வாங்கியவர். இன்னொருவர் சைஃபுர் ரஹ்மான். அடுத்த தேர்தலில் நின்று ஜெயித்து 2023-இல் தலைவரானார்.

இத்தனையும் தலைவர் நாற்காலியைப் பற்றிய சண்டை. ஆனால் பொறியாளர் சங்கத்தில் உண்மையான அதிகாரம் தலைவர் நாற்காலியில் இருக்கிறதா? ஏ.எஸ்.எம்.இ-யில் நிச்சயமாக இல்லை. அங்கே அதிகாரம் இருப்பது பாய்லர் விதிகளை எழுதும் குழுக்களில். அந்த நாற்காலிகளுக்கு உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவதே கிடையாது.

1905 மார்ச் 20. மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் பழைய பாய்லர் ஒன்று வெடித்தது. கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது பாய்லர். நாலு மாடிக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் செத்தார்கள். அந்தக் காலத்தில் பாய்லர் வெடிப்பது அமெரிக்காவில் சாதாரணச் செய்தி. மாநிலத்துக்கு ஒரு விதி, பல மாநிலங்களில் விதியே இல்லை. 1911-இல் ஏ.எஸ்.எம்.இ ஒரு குழுவைப் போட்டது; 1915-இல் முதல் பாய்லர் விதித்தொகுப்பு அச்சில் வந்தது. குழுவைப் போட்ட தலைவர் எட்வர்ட் மையர். அவர் யார்? பாய்லர் கம்பெனி முதலாளி. பாய்லர் உற்பத்தியாளர் சங்கத்தையும் நடத்தியவர். குக்கின் அளவுகோலை வைத்தால் இவர் அந்த வேலையைத் தொட்டிருக்கவே கூடாது. ஆனால் தொட்டார், அதனால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். பாய்லரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் பாய்லர் கம்பெனியில்தான் இருப்பார், வேறெங்கே இருப்பார்?

அந்தத் தொகுப்பு வளர்ந்தது. பிற்பாடு 46 அமெரிக்க மாநிலங்களும், ஒன்று தவிர்த்த கனடிய மாகாணங்களும் அதைச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டன. கடல் கடந்தும் வந்தது. நம் நாட்டுக்கென்று தனியாக இந்திய பாய்லர் விதிகள் இருந்தாலும், திருச்சி பெல் ஆலையிலும் அதை நம்பி துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் வளர்ந்த பட்டறைகளிலும் ஏ.எஸ்.எம்.இ முத்திரைக்கு இருக்கும் மதிப்பு அங்கே வேலை பார்த்த எந்த வெல்டரைக் கேட்டாலும் தெரியும். இப்படி ஒரு தொகுப்பில் ஒரு வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் இடத்தில் இருப்பவர், தலைவரைவிடப் பெரிய ஆள்.

அந்த வாக்கியங்களில் ஒன்று, வீடுகளையும் கட்டடங்களையும் சூடாக்கும் பாய்லர்களைப் பற்றியது. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் காலித் தகடு காய்ந்து, வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. அதனால் தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே போனதும் எரிபொருளை நிறுத்தும் கருவி கட்டாயம். பல பத்தாண்டுகளாக இந்தச் சந்தை மெக்டானல் அண்ட் மில்லர் என்ற கம்பெனியின் கையில் இருந்தது. அவர்களுடையது மிதவை வைத்த கருவி. 1960-களில் ஹைட்ரோலெவல் என்ற ஒரு சின்னக் கம்பெனி மின்முனை வைத்த கருவியோடு வந்தது. பாய்லருக்குள் தண்ணீர் கொதித்துத் தளும்பும், மட்டம் ஏறி இறங்கும். ஒவ்வொரு தளும்பலுக்கும் நெருப்பை அணைத்தால் வேலைக்காகாது. அதனால் ஹைட்ரோலெவல் கருவியில் ஒரு சிறு தாமதம் வைத்திருந்தார்கள். தண்ணீர் மட்டம் சில நொடிகள் தொடர்ந்து குறைவாகவே இருந்தால்தான் அது நெருப்பை அணைக்கும்.

1971 தொடக்கத்தில், பல காலமாக மெக்டானலிடமே வாங்கிக்கொண்டிருந்த புரூக்ளின் யூனியன் காஸ் கம்பெனி ஹைட்ரோலெவலுக்கு மாறியது. பெரிய வாடிக்கையாளர். மெக்டானலுக்கு வயிற்றைக் கலக்கியது.

மெக்டானலின் அதிகாரிகளில் ஜான் ஜேம்ஸ் என்பவர், ஏ.எஸ்.எம்.இ-யில் இந்த விதியைக் கவனிக்கும் துணைக்குழுவின் துணைத்தலைவர். அந்தத் துணைக்குழுவின் தலைவர் ஹார்டின், ஹார்ட்ஃபோர்ட் பாய்லர் காப்பீட்டுக் கம்பெனியின் துணைத்தலைவர். சிகாகோவில் டிரேக் ஹோட்டலில் ஒரு இரவு விருந்து. ஜேம்ஸ், மெக்டானலின் மற்ற ஆட்கள், ஹார்டின். தாமதம் வைத்த கருவியை விதி ஏற்குமா என்று பேசிக்கொண்டார்கள். ஏற்காது என்று ஹார்டின் சொன்னார். அடுத்து ஏ.எஸ்.எம்.இ-க்கு ஒரு கேள்விக் கடிதம் தயாரானது. ஜேம்ஸ் எழுத உதவினார், ஹார்டினும் பார்த்து யோசனை சொன்னார். கையெழுத்துப் போட்டது மெக்டானலின் விற்பனைத் துணைத்தலைவர். ஏப்ரல் 12 அன்று தபாலில் போனது.

கேள்வியை எப்படி அமைத்தார்கள் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழே இறங்கிய பிறகு வேலை செய்யும்படி தாமதம் வைக்கலாமா என்று கேட்டார்கள். ஹைட்ரோலெவல் பெயரே இல்லை. அந்தக் கருவியைச் சற்று உயரத்தில் பொருத்தினால், தாமதம் முடிவதற்குள் தண்ணீர் கண்ணாடிக்குக் கீழே போகாது என்ற சங்கதியும் இல்லை. கடிதம் சங்க அலுவலகத்துக்கு வந்தது. அதிகாரபூர்வமற்ற கேள்விகளுக்குக் குழு முழுவதும் கூடத் தேவையில்லை. துணைக்குழுத் தலைவரே பதில் தயாரித்துச் செயலாளரிடம் கொடுக்கலாம் என்பது நடைமுறை. துணைக்குழுத் தலைவர் யார்? ஹார்டின். ஏப்ரல் 29 அன்று சங்கத்தின் தலைப்புத்தாளில், செயலாளர் கையெழுத்தோடு பதில் போனது. தாமதம் வைத்தால் பாதுகாப்புக்கு உறுதியில்லை என்ற தொனியில்.

ஆக, கேட்டவர்களுக்குள் ஒருவர் துணைத்தலைவர், பதில் எழுதியவர் தலைவர். நடுவில் ஏ.எஸ்.எம்.இ என்ற பெயர்.

மெக்டானலின் விற்பனையாளர்கள் அந்தக் கடிதத்தை வாடிக்கையாளர்களிடம் எடுத்துக்கொண்டு போனார்கள். பாய்லர் வாங்குகிற எவன் ‘பாதுகாப்பு விதிக்கு முரண்’ என்று கேள்விப்பட்ட கருவியை வாங்குவான்? ஹைட்ரோலெவலுக்கு விஷயம் தெரிந்தது 1972-இல், கைநழுவிப் போன ஒரு வாடிக்கையாளர் மூலம். திருத்தம் கேட்டுச் சங்கத்துக்கு எழுதினார்கள். அதற்குள் ஹார்டினின் காலம் முடிந்து துணைக்குழுத் தலைவராக ஆகியிருந்தவர், ஜேம்ஸ்! அவர் விவாதத்திலிருந்து விலகிக்கொண்டார். ஆனாலும் பதிலில் வந்த முக்கியமான ஒரு வாக்கியத்தை எழுத உதவினார். 1974-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் செய்தியாக்கியது. சங்கத்தின் தொழில்நெறிக் குழு விசாரித்து, யாரும் தப்புச் செய்யவில்லை என்றது, ஜேம்ஸைப் பாராட்டவும் செய்தது. முதல் கடிதத்தை எழுதியதில் அவருக்குப் பங்கு உண்டு என்பது அந்தக் குழுவுக்குத் தெரியாது. 1975-இல் செனட் விசாரணையில்தான் அது வெளியே வந்தது.

ஹைட்ரோலெவல் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. மெக்டானல் 7,50,000 டாலரும் ஹார்ட்ஃபோர்ட் 75,000 டாலரும் கொடுத்து விலகிக்கொண்டன. ஏ.எஸ்.எம்.இ மட்டும் நின்று வாதாடியது. எங்களுக்கு இதில் ஒரு காசு லாபம் உண்டா? அவர்கள் தங்கள் கம்பெனிக்காகச் செய்தார்கள், சங்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஜூரி 33 லட்சம் டாலர் நட்டஈடு என்றது. அந்தச் சட்டப்படி அது மும்மடங்காகும். மேல்முறையீட்டு நீதிமன்றம் தொகை அதிகம், மறுபடி கணக்கிடுங்கள் என்றாலும் பொறுப்பு சங்கத்துடையதே என்றது.

1982 மே 17. உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி பிளாக்மன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: அரசு இல்லாமலே அரசு மாதிரி அதிகாரம் செலுத்துகிற அமைப்பு இது. இதன் பெயரில் பேச ஒருவரை அனுமதித்தால், அவர் பேசியதற்கு இதுவே பொறுப்பு. அவர் மனசுக்குள் யாருக்காகப் பேசினார் என்பது கணக்கில்லை. தன் நாற்காலிகளில் உட்காருகிறவர்களைக் கண்காணிக்கச் சங்கத்தால் மட்டும்தான் முடியும். பொறுப்பு வந்தால்தான் அது கண்காணிக்கும்.

எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி பவல் சொன்னதையும் லேசாகத் தள்ள முடியாது. லாபம் பார்க்காத சங்கம், ஊதியமில்லாமல் உழைக்கும் தன்னார்வலர்கள். இரண்டு பேர் செய்ததற்கு 90,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சந்தாவில் கை வைத்தால், அடுத்து இந்த வேலைக்கு யார் வருவார்கள்? எனக்குப் பெரும்பான்மைதான் சரியாகப் படுகிறது, ஆனால் பவலின் கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை. குழுவுக்கு வரும் தன்னார்வலருக்குச் சம்பளத்தோடு விடுப்பும் விமானச் செலவும் தருவது பெரும்பாலும் அவருடைய கம்பெனி. ஹைட்ரோலெவல் மாதிரி சின்னக் கம்பெனியால் ஒரு ஆளை வருடத்துக்கு நாலு கூட்டத்துக்கு அனுப்ப முடியுமா?

தீர்ப்புக்குப் பிறகு ஏ.எஸ்.எம்.இ நடைமுறைகளை மாற்றியது. விளக்கம் கேட்டு வரும் கடிதங்களுக்கான பதில்கள் அச்சில் வெளியிடப்பட்டன. குழுக்களில் உட்காருகிறவர்கள் நலன் முரண்பாடு பற்றிய உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 1986-இல் சங்கத்துக்கு முதல்முறையாக ஒரு பெண் தலைவரானார், நான்ஸி ஃபிட்ஸ்ராய். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த வெப்பப் பொறியாளர். சங்கம் பிறந்து 106 வருடம் ஆகியிருந்தது.

ஹைட்ரோலெவல் தீர்ப்பைக் கொண்டாடும் நிலையில் இல்லை. வழக்கு முடிவதற்கு வெகு முன்பே தொழில் நொடிந்து, சாமான்கள் பழைய இரும்பு விலைக்குப் போயிருந்தன. மெக்டானல் அண்ட் மில்லர் என்ற பெயர் இன்றும் சந்தையில் இருக்கிறது. அவர்களுடைய பட்டியலில் மின்முனை வைத்த கருவிகளும் உண்டு. தண்ணீர் தளும்பும்போது நெருப்பு அநாவசியமாக அணையாமல் இருக்க, அவற்றில் சில நொடி தாமதம் வைத்திருக்கிறார்கள்.